பூனை இருக்கிற வீட்டுக்கு வா

என் கண்ணே,

கடிதம் என்றதும் பயந்துவிடாதே. இங்கே எல்லாரும் சுகமாகத்தான் இருக்கிறோம். உன் அப்பா நன்றாக இருக்கிறார், மாடுகள் நன்றாக இருக்கின்றன, எங்களுக்கு முன்னால் நீ விசாரிக்கப்போகிற உன் பூனை ஜாங்கிரியும் நன்றாக இருக்கிறது. போனில் சொல்லிவிட்டுப் போகாமல் எழுத ஏன் உட்கார்ந்தேன் என்றால், போனில் நீ என்னை ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்க விட்டதே இல்லை. “சரிம்மா, விஷயத்துக்கு வா” என்பாய். விஷயத்துக்கு வருவதற்குள் “மீட்டிங் ஆரம்பிச்சிட்டாங்கம்மா” என்பாய். இது அப்படித் துண்டு துண்டாகச் சொல்கிற சமாச்சாரம் இல்லை. சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து, முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொண்டு படி. மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் சத்தமாகவே படி, அவரும் தெரிந்துகொள்ள வேண்டியது இதில் இருக்கிறது.

போன வாரம் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், “பால் பொங்குது” என்று போனை வைத்துவிட்டேன் இல்லையா, அப்போது அடுப்பில் பாலே இல்லை. என்ன சொல்வது என்று தெரியாமல்தான் வைத்தேன். “ஜாங்கிரிய இன்னா பண்ணப் போறீங்க? அத எங்கியாவது கொண்டுபோய் வுட்டீங்கன்னா நான் பிரசவத்துக்கு அந்த வூட்டுக்கு வரமாட்டேன், சொல்லிட்டேன்” என்றாய். அதற்கு முன்பே தியாகதுருகத்திலிருந்து உன் மாமியார் போன் பண்ணியிருந்தார். “பூன இருக்கற வூட்டுக்கு என் மருமவள அனுப்ப எனக்கு மனசு வரல சம்பந்தி. தப்பா நெனச்சிக்காதீங்க. பூன முடி வயித்துக்குள்ள போனா கொழந்தைக்கு ஆவாதுன்றாங்க. பேசாம அவ இங்கியே வந்து இருக்கட்டும். எங்க வூட்டுல பூனயும் இல்ல, நாயும் இல்ல” என்றார். ஒரு பக்கம் பூனை இருந்தால் அனுப்பமாட்டேன் என்று அவர், இன்னொரு பக்கம் பூனை இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று நீ. நடுவில் நான். தலைப்பிரசவத்துக்கு மகளை வீட்டுக்கு அழைத்துவரப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லி, உன் அறைக்கு வெள்ளையடித்து, ஜன்னலுக்குக் கொசுவலை அடித்து வைத்திருக்கிற எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பார்.

ஊரில் யோசனை சொல்ல ஆளா இல்லை. எல்லாரும் சொன்னது ஒரே யோசனைதான். கோணியில் போட்டுக் கட்டி, வழி தெரியாமல் இருக்க நாலு சுற்றுச் சுற்றி, ஏதாவது ஒரு அரிசி மில் பக்கம் விட்டுவிட்டு வந்துவிட வேண்டும். மில்லில் எலி இருக்கும், அது பிழைத்துக்கொள்ளும், பாவமும் இல்லை. நம் பக்கத்தில் காலங்காலமாகப் பூனைக்குச் செய்கிற மரியாதை அதுதானே. உன் சித்தப்பா கோணியே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். உன் அப்பா அதை எடுத்து உதறினார், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், உள்ளே கையை விட்டுப் பார்த்தார். அப்புறம், “இதுல ஓட்டை இருக்குது, ஆவாது” என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். நான் போய்ப் பார்த்தேன். புதுக் கோணி. ஒரு பொத்தல்கூட இல்லை. உன் அப்பாவுக்கு மனசுக்குப் பிடிக்காத வேலை எதுவாக இருந்தாலும் அதில் ஓர் ஓட்டை இருக்கும் என்று உனக்குத் தெரியும்தானே.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. மாட்டுக்கு ஒன்று என்றால் நாமாக ஒரு முடிவுக்கு வருவதில்லை, டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்கிறோம். பூனைக்கு மட்டும் ஏன் கோணியைத் தேடுகிறோம்? பால் சொசைட்டியில் விசாரித்தேன். “பூனைக்கு டாக்டரா?” என்று பால் அளந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் என் முகத்தையே பார்த்தார்கள். கடைசியில், கள்ளக்குறிச்சியில் எனக்கு ரவிக்கை தைக்கிற அம்மாதான் சொன்னார், வீட்டுக்கே காரில் வந்து நாய், பூனை பார்க்கிற ஒரு பெண் டாக்டர் இருக்கிறார் என்று. போன் போட்டால் எடுக்கவே இல்லை. விடாமல் போட்டேன். சாயங்காலம் அவரே கூப்பிட்டார். கல்வராயன் மலையில் ஆடுகளுக்குத் தடுப்பூசி போடப் போயிருந்தாராம், வெள்ளிமலை தாண்டினால் சிக்னல் கிடைப்பதில்லையாம். நான் விஷயத்தைச் சொன்னேன். “பூனையக் கூடைல போட்டு பஸ்ல எடுத்துகினு வராதீங்கம்மா, அது பயத்துலயே பாதியாயிடும். நானே வர்றேன். காலைலயே அத ஒரு ரூம்ல வுட்டு கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி வைங்க. கூட்டம் மட்டும் வேணாம்” என்றார்.

கூட்டம் வேண்டாம் என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கினேன். ஆனால் நம் வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி வேண்டாம் என்று சொல்வார்களே, அந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டேன். டாக்டர் வருகிறார் என்றால் வீட்டை எப்படித் தயார் பண்ண வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்ன? உன் வயதுக்குமேல் நான் மாடு பார்த்தவள். அண்டா நிறைய வெந்நீர் வைத்தேன். புது சோப்பு, புதுத் துண்டு, ஒரு பக்கெட், விளக்கெண்ணெய், மூக்கணாங்கயிறு கட்டுகிற கயிறு ஒரு பிரி. பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று எதிர் வீட்டு முருகேசனையும் அவன் தம்பிகளையும் சொல்லிவைத்தேன். கன்று ஈனப்போகிற எருமைக்குக்கூட நான் இவ்வளவு ஏற்பாடு பண்ணியதில்லை. முருகேசன் கயிற்றைப் பார்த்துவிட்டு, “அக்கா, கால எங்க கட்டணும், முன்னங்காலா, பின்னங்காலா?” என்று கேட்டான். “டாக்டரம்மா சொல்வாங்க இருடா” என்றேன். அந்தப் பூனை எடை எவ்வளவு இருக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை.

இன்னொரு வேலையும் செய்தேன், இதுதான் துணிச்சலான வேலை. உன் மாமியாருக்குப் போன் போட்டு, “சம்பந்தி, டாக்டரே வூட்டுக்கு வர்றாங்க. நான் சொன்னா நீங்க நம்ப வேணாம், நீங்களே வந்து அவங்க வாயால கேளுங்க. பூன இருக்கக்கூடாதுன்னு அவங்க சொல்லிட்டாங்கன்னா, உங்க மருமவள நீங்களே கூட்டிகினு போங்க” என்று சொல்லிவிட்டேன். சொல்லி போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. டாக்டர் அப்படியே சொல்லிவிட்டால்? வெள்ளையடித்த அறையைப் போய்ப் பார்த்தேன். உன்னை அங்கே படுக்க வைத்துப் பார்க்க வேண்டும், நீ நடு ராத்திரி கால் வலிக்கிறது என்றால் நான் எழுந்து வந்து பிடித்துவிட வேண்டும் என்று எத்தனை நாளாக மனதில் வைத்திருந்தேன் தெரியுமா. அதை ஒரு பூனையின் தலையில் கட்டிவிட்டோமே என்று அழுகை வந்தது. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

உன் மாமியார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். இஸ்திரி போட்ட புடவை, கையில் உனக்கென்று வாங்கிய மாதுளம்பழப் பை. உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளிப்பக்கம் நாற்காலி போடச் சொல்லி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். அதற்குள் தெருவில் விஷயம் பரவிவிட்டது. டாக்டர் ஒரு வீட்டுக்கு வந்தால் அவர் தெருவுக்கே டாக்டர் என்பது இங்கே எழுதாத சட்டம். காலில் புண் வந்த ஆடு, கழிகிற கன்றுக்குட்டி, முட்டை வைக்காத கோழி ஒன்று கூடையோடு, எல்லாம் நம் வாசலில் வந்து நின்றன. உன் அப்பா அத்தனை பேருக்கும் மோர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு சின்ன சந்தையே கூடிவிட்டது என்று வைத்துக்கொள்.

டாக்டர் காரை விட்டு இறங்கியபோது அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும், ஒல்லியான பெண், தோளில் ஒரு பை. ஆட்டைப் பார்த்தார், கன்றைப் பார்த்தார், கயிற்றோடு நிற்கிற முருகேசனைப் பார்த்தார், ஆவி பறக்கிற அண்டாவைப் பார்த்தார். “எங்கம்மா பூன?” என்றார். நான் பெருமையாகப் போய் அறைக் கதவைத் திறந்தேன். அறையில் பூனை இல்லை. காலையில் அதை உள்ளே விட்டுப் பூட்டியது நான்தான். ஆனால் நடுவில் துண்டு எடுக்க உன் அப்பா கதவைத் திறந்திருக்கிறார். அந்த ஒரு நிமிஷம் அதற்குப் போதாதா. வீடு முழுக்கத் தேடினோம். முருகேசன் தம்பிகள் கட்டிலுக்கு அடியில் ஒருவன், பரண்மேல் ஒருவன். “ஜாங்கிரி, ஜாங்கிரி” என்று தெருவே கூப்பிட்டது. பலகாரக் கடையில் கூட அந்தப் பெயரை யாரும் அத்தனை தடவை கூப்பிட்டிருக்கமாட்டார்கள். உன் மாமியார் வாசலில் இருந்தபடியே, “நான் சொன்னன் இல்ல, பூன வளக்கற பொருளா?” என்றார். எனக்கு வந்த கோபத்தை நான் அப்படியே விழுங்கினேன்.

டாக்டர் மட்டும் தேடவே இல்லை. “எல்லாரும் கொஞ்சம் வெளிய போங்க. ஆடு மாட்ட அப்புறம் கண்டிப்பா பாக்கறேன். வூட்டுக்காரங்க ஒருத்தர் மட்டும் இருங்க, பேசாம இருங்க” என்றார். முருகேசன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு முகம் தொங்கப் போனான். டாக்டர் நடுக்கூடத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து எதையோ எடுத்துப் பிரித்து ஒரு தட்டில் வைத்தார், மீன் வாசனை வந்தது. என்னையும் உட்காரச் சொன்னார். நான் உட்கார்ந்தேன். வீடு அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் தவிட்டு மூட்டைக்குப் பின்னாலிருந்து முதலில் ஒரு காது வந்தது. அப்புறம் மூஞ்சி. அப்புறம் முழுசாக வெளியே வந்து, எங்கள் இரண்டு பேரையும் சட்டை பண்ணாமல், வாசலில் உட்கார்ந்திருந்த உன் மாமியாருக்குக் குறுக்கே நடந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தட்டுக்கு வந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. பூனை குறுக்கே போனால் அவர் கிளம்பின காரியத்தையே விட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுவார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். அப்புறம், “நான் எங்கியும் கெளம்பலயே. உக்காந்துகினுதான இருக்கன். அதுனால ஒண்ணும் இல்ல” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார், நான் பார்த்தேன்.

அது சாப்பிடும்போதே டாக்டர் அதன் முதுகைத் தடவிக்கொடுத்து, காதைப் பார்த்து, பல்லைப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஊசி போட்டதுகூட அதற்குத் தெரியவில்லை. வெந்நீர் கேட்கவில்லை, கயிறு கேட்கவில்லை, துண்டை மட்டும் வாங்கி அதன்மேல் போர்த்தி நகத்தை நறுக்கினார். நானும் நாலு விஷயம் தெரிந்தவள் என்று காட்டிக்கொள்ள வேண்டாமா. அதனால் மனதில் ரொம்ப நாளாக இருந்த சந்தேகத்தைக் கேட்டேன். “டாக்டரம்மா, இது வந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. இன்னும் ஒரு குட்டிகூட போடல. இன்னா காரணம்? ஒடம்புல ஏதாவது கோளாறு இருக்குமா? பொண்ணு மாதிரி வளக்கறோம், மனசுக்குக் கஷ்டமா இருக்குது” என்றேன்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் ஜாங்கிரியின் வாலைக் கொஞ்சம் தூக்கி எனக்குக் காட்டினார். “குட்டி போடாதும்மா. இது ஆம்பளப் பூன” என்றார்.

கன்று தரையில் விழுந்ததும் முகத்தைத் துடைப்பதற்கு முன்னால் வாலைத் தூக்கிப் பார்க்கிற வீடு இது. கிடேரியா காளையா என்று தூரத்தில் நின்றே சொல்லிவிடுவேன் என்று நான் தெருவில் பேர் வாங்கியவள். நீ அதைக் கொண்டுவந்த அன்றைக்கு “பொண்ணும்மா” என்று சொன்னாய், நான் அப்படியே வைத்துக்கொண்டேன். பூனைக்கு யார் வாலைத் தூக்கிப் பார்க்கிறார்கள்? பார்க்காமலேயே, பாவம் இதற்குக் குட்டி தங்கவில்லையே என்று தனியாக முட்டை வேறு அவித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று தெரியவில்லை. வாசலில் இருந்து ஒரு சத்தம் வந்தது. உன் மாமியார் சிரித்தார். கல்யாணத்தில்கூட அவர் வாய் திறந்து சிரித்து நான் பார்த்ததில்லை. முந்தானை மூக்கிலிருந்து விழுந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “ஐயோ சம்பந்தி, ஐயோ சம்பந்தி” என்கிறார், வேறு வார்த்தை வரவில்லை. முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்புறம் எனக்கும் வந்துவிட்டது. கொட்டகையிலிருந்து உன் அப்பா ஓடிவந்து, “இன்னா ஆச்சு, பூன செத்துடுச்சா?” என்று கேட்க, அதற்கும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே அவர் எழுந்து, வாசற்படி தாண்டி உள்ளே வந்து, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். தான் உள்ளே வந்ததையே அவர் கவனிக்கவில்லை.

அப்புறம்தான் முக்கியமான கேள்வியைக் கேட்டோம். உன் மாமியாரே கேட்டார், நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னதை நீயும் தெரிந்துகொள். பூனை முடியாலும் மூச்சாலும் வயிற்றுக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கவனமாக இருக்க வேண்டியது அதன் மலத்தில்தான். அது போகிற மண்ணை நீ தொடக்கூடாது, வேறு யாராவது தினமும் மாற்றிவிட வேண்டும். அதற்குப் பச்சைக் கறி, பச்சை மீன் போடக்கூடாது. செடிகொடியில் கை வைத்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கீரை காய்களை நன்றாக அலச வேண்டும், கறியை நன்றாக வேக வைத்துத்தான் நீ சாப்பிட வேண்டும். உன்னைப் பார்க்கிற லேடி டாக்டரிடமும் வீட்டில் பூனை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும். “இதெல்லாம் பாத்துகினா பூன பாட்டுக்கு இருக்கட்டும்மா. தொரத்த வேண்டியதில்ல” என்றார். ஊர் சுற்றாமல் வீட்டோடு இருக்க அதற்கு ஒரு சின்ன ஆபரேஷன் பண்ணலாம், அதற்கு மட்டும் ஒரு நாள் தன் கிளினிக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய், ஆட்டின் புண்ணுக்கு மருந்து வைத்து, கன்றுக்கு மாத்திரை கொடுத்து, கோழியைப் பார்த்து, “இதுக்கு வயசாயிடுச்சு, வேற ஒண்ணுமில்ல” என்று சொல்லி, உன் அப்பா கொடுத்த மோரையும் குடித்துவிட்டுத்தான் போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். ஜெயித்துவிட்டோம் என்று இருந்தது. ஆனால் உன் மாமியார் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பெல்லாம் போய்விட்டது. பூனையால் ஆபத்தில்லை என்று டாக்டரே சொன்ன பிறகு ஒரு மாமியாருக்கு நிம்மதிதானே வர வேண்டும்? அவர் முகம் வாடிப்போயிற்று. “இருந்தாலும் இங்க வெய்யில் ஜாஸ்தி சம்பந்தி” என்றார். தியாகதுருகத்தில் கோட்டைப் பாறைக்குக் கீழே வீடு, அங்கே அடிக்கிற வெய்யிலில் அப்பளம் பொரிக்கலாம். “ஆஸ்பத்திரி வேற தூரம்” என்றார். அங்கிருந்து வந்தாலும் இதே கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும். “கொசு” என்றார். புதுக் கொசுவலையை அவர் கண்ணாலேயே பார்த்தார். எனக்குச் சுருக்கென்று பதில் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அந்த நேரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. இவருக்குப் பிரச்சினை பூனை இல்லை. வேறு எதுவோ.

சாப்பாடு ஆன பிறகு அடுக்களையில் நான் பாத்திரம் தேய்க்க, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவர் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். முகம் பார்க்காமல் வேலை செய்கிற நேரத்தில்தான் நம் பெண்கள் உண்மை பேசுவார்கள், நீயும் கவனித்திருப்பாய். “அவ எங்கிட்ட இருந்தா எம்புள்ள வாரா வாரம் வருவான் சம்பந்தி” என்றார். கழுவிய குண்டானைக் கவிழ்த்து வைத்தார். “அவங்க அப்பா போனதுல இருந்து அந்த வூட்ல நான் ஒருத்திதான். ஒரு ஆளுக்கு ஒல வெக்கறதே பேஜாரா இருக்குது. காலைல வெச்ச சோத்தையே ராத்திரியும் துன்னுகினு படுத்துடறன். கொழந்த மொகத்த மொதல்ல நான் பாக்கணும்னு இல்ல. வூட்ல நாலு பேர் சத்தம் கேட்டா போதும்னு இருந்துச்சு. அத எப்படி வாய் வுட்டு கேக்கறது? அதான் பூனய புடிச்சிகினன்” என்றார்.

கண்ணு, எனக்கு அப்போது என்ன ஞாபகம் வந்தது என்று சொல்கிறேன். உனக்குக் கல்யாணமாகி நாலு வருஷம் குழந்தை இல்லை. அந்த நாலு வருஷமும் உன்னை யார் யாரோ கேட்டார்கள். “விசேஷம் இல்லையா” என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள், பால்காரன் கேட்டான், என் கூடப் பிறந்தவளே கேட்டாள். ஒவ்வொரு பண்டிகைக்கும் நீ வந்துவிட்டுப் போகும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு போவாய். நான்கூட இரண்டு தடவை ஜாடையாகக் கேட்டுவிட்டு, உன் முகத்தைப் பார்த்து ஏன்டா கேட்டோம் என்று ஆகியிருக்கிறேன். ஆனால் ஒரே ஒருத்தர் உன்னை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்று நீதான் என்னிடம் சொன்னாய். கேட்கிற உரிமை எல்லாரையும்விட அதிகமாக இருந்த அவர்தான். ஊர்வாய்க்கு நடுவில் உனக்கு ஒரு நிழல் போல இருந்தவர், இப்போது தனியாக உலை வைக்கப் பயந்து ஒரு பூனையைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு என் அடுக்களையில் தலையைக் குனிந்து நிற்கிறார். என் கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. புளி தேய்த்த கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“சம்பந்தி, அவள அங்க அனுப்ப எனக்கு மனசு இல்ல. அத வெளிப்படையாவே சொல்லிடறன். ஆனா நீங்க இங்க வர்றதுக்கு யாரு தடை?” என்றேன். அவருக்கு விளங்கவில்லை. “பொண்ணு எடுத்த வூட்ல வந்து உக்காந்துகினா நாலு பேரு இன்னா பேசுவாங்க?” என்றார். “நாலு பேரு நம்ம பூன பொட்டையா கெடாவான்னு பேசிகினு இருக்கறாங்க. அவங்களுக்கு இப்பத்திக்கு அது போதும்” என்றேன். அதற்கும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூடத்திலிருந்து உன் அப்பா, “பெரிய கட்டில வெளிய எடுத்துப் போடட்டுமா?” என்று கேட்டார். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அந்தக் கட்டிலில் அவருக்கு எந்த ஓட்டையும் தெரியவில்லை.

நீ அம்மாவாகப் போகிறாய், அதனால் இதிலிருந்து இரண்டு விஷயத்தை எடுத்து வைத்துக்கொள், மற்றதை மறந்தாலும் பரவாயில்லை. ஒன்று, பயந்துபோன உயிரை நாலு பேர் சேர்ந்து பிடிக்கக்கூடாது. உன் பிள்ளை பிறந்து ராவெல்லாம் கத்தும்போது, ஆளுக்கொரு கை வைத்தியம் சொல்லிக்கொண்டு நானும் இன்னும் பத்துப் பேரும் உன்னைச் சுற்றி நிற்போம். எங்கள் எல்லாரையும் வெளியே போகச் சொல். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோபித்துக்கொள்வேன், ஆனால் போய்விடுவேன். கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையோடு தரையில் சும்மா உட்கார், அது தானாக அடங்கும். இன்னொன்று, ஒருத்தர் ஒன்றுக்குமேல் ஒன்றாகச் சாக்குச் சொன்னால், ஒவ்வொரு சாக்கையும் உடைத்து ஜெயிக்கப் பார்க்காதே. ஒவ்வொன்றையும் நீ உடைத்தால் அவர்களிடம் மிஞ்சுவது வெறும் துக்கம்தான். அதற்குப் பதில் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பாத்திரம் தேய். மாப்பிள்ளையிடமும் இதைச் சொல். அவர் நல்ல பிள்ளைதான், ஆனால் அம்மாவுக்குப் போன் பண்ணினால் “சாப்ட்டியாம்மா” என்று கேட்டு, “சாப்ட்டன்” என்றதும் வைத்துவிடுகிறாராம். என்ன சாப்பிட்டாய், யாரோடு சாப்பிட்டாய் என்று கேட்கச் சொல்.

வருகிற வெள்ளிக்கிழமை நல்ல நாள். காரிலேயே வாருங்கள், பஸ் வேண்டாம். மாப்பிள்ளையை மெதுவாக ஓட்டச் சொல், சேலத்தில் நிறுத்தி இறங்கிக் கொஞ்சம் நட. உன் அறை தயார். பூனைக்கு மண் வைத்த தட்டு பின்கட்டில் இருக்கிறது, நீ அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை. அதைத் தினமும் மாற்றுகிறவர் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு, “இந்தக் கழுதைக்கு நான் சேவகம் பண்ணணும்னு எந்தலைல எழுதியிருக்குது” என்று திட்டிக்கொண்டேதான் மாற்றுகிறார். நான் மாற்றுகிறேன் என்றால் விடுவதில்லை. “நீங்க சுத்தமா செய்யமாட்டீங்க, வாலத் தூக்கிக்கூட பாக்காத ஆளு நீங்க” என்கிறார். இந்த ஒன்றை வைத்தே என்னை ஆயுசுக்கும் ஓட்டிவிடுவார் போலிருக்கிறது.

முடிக்கலாம் என்று நினைத்தேன். எழுதுகிறதைப் பார்த்துவிட்டு, தன் பேருக்கும் ஒரு வரி எழுத வேண்டும் என்று உன் மாமியார் நிற்கிறார். எழுத்துக் கூட்டி எழுத நேரமாகும், நீங்களே எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு என் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறார். அவர் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

“தாயி, எந்த வூட்டுக்குப் போறதுன்னு நீ ரோசன பண்ணாத. நான் முன்னாடியே வந்துட்டன். நீ வா.”